கல்லீரல் நோயும் மரபணுச் சோதனையும்: அறிந்தவர் மீதுள்ள கடமை





கல்லீரல் பழுதுற்றுப் படுக்கையில் கிடக்கும் ஒருவரின் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இவர் பிழைப்பாரா?" அண்மைக் காலமாக அதனுடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டுள்ளது: "மரபணுச் சோதனை செய்தால் முன்கூட்டியே தெரிந்துவிடுமாமே?" பள்ளிவாசல் திண்ணையில் இதே கேள்வி வேறு உருவம் கொள்கிறது. "இது மறைவானதை எட்டிப் பார்ப்பது ஆகாதா? எழுதப்பட்டதுதானே நடக்கும்? பிறகு எதற்குச் சோதனை?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விகள் எங்கள் குடும்பத்துக்கு ஏட்டுக் கேள்விகளாக இருந்ததில்லை. நாங்கள் பழவேற்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட உடன்பிறந்தோர். எங்கள் வீட்டு ஆண்கள், கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இடைப்பட்ட காட்டுப்பள்ளி மணல்வெளியில் எழுந்துள்ள துறைமுகத்தையும் கப்பல் கட்டும் தளத்தையும் நம்பி வாழ்பவர்கள். சில ஆண்டுகளுக்குள் எங்கள் குடும்பத்தில் இருவருக்குக் கடுமையான கல்லீரல் நோய் வந்தது. ஒருவர் எங்கள் மூத்த அண்ணன். மற்றவன் எங்கள் தங்கையின் மகன். இருவருக்கும் மரபணுச் சோதனை செய்யப்பட்டது. இரு சோதனைகளும் எங்களுக்குச் சொன்னவை முற்றிலும் வெவ்வேறானவை. அந்த வேறுபாட்டை நம் சமுதாயக் குடும்பங்கள் அறிந்திருப்பது நன்று என்று எண்ணியே இதை எழுதுகிறோம்.

படுக்கையருகே பேசும் எண்கள்

அண்ணனுக்கு வயது நாற்பத்தாறு. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரவு, பகல் என்று மாறி மாறி வரும் ஷிப்ட் வேலை. உணவு பெரும்பாலும் கேண்டீனிலும், சாலையோரப் பரோட்டாக் கடையிலும். ஒரு நாள் ஃபஜ்ருக்கு முன் இரத்த வாந்தி எடுத்தார். வயிறு நீர் கோத்து வீங்கியிருந்தது. எங்கள் முன்னோர் மகோதரம் என்று அழைத்த நிலை அது. அவரை ராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். வடசென்னை முதியவர்கள் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வது அதைத்தான். எண்டோஸ்கோபி செய்து, உணவுக்குழாயில் புடைத்து வெடித்திருந்த இரத்த நாளங்களுக்குக் கட்டுப் போட்டார்கள். கல்லீரல் இறுகிச் சுருங்கிவிட்டது, சிரோசிஸ் என்றார்கள்.

கடுமையான கல்லீரல் நோயில் அடுத்த சில மாதங்கள் எப்படி இருக்கும் என்பதை மருத்துவர்கள் மரபணுவைக் கொண்டு கணிப்பதில்லை என்பதை அங்குதான் அறிந்தோம். அவர்கள் பார்ப்பவை எளிய இரத்தச் சோதனைகள். 'சைல்ட்-பியூ' என்ற அளவுகோல் பிலிருபின், ஆல்புமின், இரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மனத்தெளிவு ஆகிய ஐந்தையும் கொண்டு நோயாளியை ஏ, பி, சி என்று வகைப்படுத்துகிறது. 'மெல்ட்' என்ற அளவுகோல் பிலிருபின், கிரியாட்டினின், ஐ.என்.ஆர். என்ற மூன்றிலிருந்து 6 முதல் 40 வரையிலான ஒரு மதிப்பெண்ணைத் தருகிறது. மதிப்பெண் உயர உயர, மூன்று மாதங்களுக்குள் உயிரிழக்கும் அபாயமும் உயர்கிறது. கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு யார் முந்த வேண்டும் என்பதை முடிவு செய்ய அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. பின்னர் சோடியம் அளவும் அதில் சேர்க்கப்பட்டது.

இந்த எண்களுக்கு ஒரு தன்மை உண்டு. அவை மாறக்கூடியவை. நோய்த்தொற்று வந்தால் ஏறும்; தொற்று நீங்கினால் இறங்கும். அண்ணனின் மதிப்பெண் முதல் மாதத்தில் ஏறி, மூன்றாம் மாதத்தில் நன்றாகவே இறங்கியது. பிறப்பிலேயே அமைந்த மரபணுவோ மாறுவதில்லை. ஆகவே, இன்று ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை அதனிடம் கேட்டுப் பயனில்லை.

ஊராரின் சந்தேகமும் ஓர் எழுத்தின் மாற்றமும்

நம்மூரில் கல்லீரல் கெட்டது என்றால் மக்கள் மனத்தில் முதலில் எழும் எண்ணம் எது என்பதை நீங்கள் அறிவீர்கள். அண்ணன் மதுவைத் தொட்டவர் அல்லர். ஆனாலும் ஒரு வலீமா விருந்தில் ஒரு பெண்மணி எங்கள் அம்மாவின் காதருகே வந்து, "புள்ள வெளியூர்ல வேலை செஞ்சப்ப ஏதாச்சும் பழக்கம் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்கமாட்டார். அம்மா அன்று சாப்பிடாமல் வீடு திரும்பினார்.

ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இல்லை. மது இல்லை. சர்க்கரை நோய் உண்டு என்றாலும் உடல் பருமன் அதிகமில்லை. இவ்வளவு முற்றிய நோய் எப்படி வந்தது என்று கேட்டபோது மருத்துவர் ஒருவர், சிகிச்சைக்கு அவசியமில்லை, ஆயினும் காரணம் விளங்க உதவும் என்று கூறி மரபணுச் சோதனை ஒன்றைப் பரிந்துரைத்தார்.

அவர் தேடச் சொன்ன மரபணுவின் பெயர் பிஎன்பிஎல்ஏ3. அது 22-ஆவது குரோமோசோமில் உள்ளது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் ஆகியோரின் குழுவினர் 2008-இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். இந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால், அது உருவாக்கும் புரதத்தின் 148-ஆவது இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக மெத்தியோனின் அமர்கிறது. அவ்வாறு மாறிய புரதம் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளின் மீது படிந்து, கொழுப்பு கரைவதைத் தடுக்கிறது. தேங்கிய கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு சிரோசிஸ் ஆகும் வாய்ப்பு அத்தகையோருக்குக் கூடுகிறது. தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் இம்மாற்றம் வந்து, இரு பிரதிகளிலும் இருந்தால் அபாயம் மேலும் அதிகம். கல்லீரல் புற்றுநோயின் அபாயமும் அதனுடன் உயர்கிறது. எதிர்த்திசையில், எச்எஸ்டி17பி13 என்ற வேறொரு மரபணுவின் ஒரு மாற்றம் கல்லீரலைக் காப்பதாக 2018-இல் கண்டறிந்தனர்.

அண்ணனிடம் பிஎன்பிஎல்ஏ3 மாற்றம் இரு பிரதிகளிலும் இருந்தது.

இது அரிய நிலையன்று. தெற்காசிய மக்களிடம் இம்மரபணுவின் நான்கு பிரதிகளை எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றில் இம்மாற்றம் காணப்படும். அப்படியானால் ஜும்ஆவில் நிற்கும் ஒவ்வொரு நீண்ட ஸஃப்பிலும் இரு பிரதிகளிலும் மாற்றம் உள்ள ஒருவர் இருவர் இருக்கக்கூடும். அவர்களுள் பெரும்பாலோர் கடுமையான கல்லீரல் நோயை வாழ்நாளில் காணப்போவதில்லை. சர்க்கரை நோய், இடுப்புச் சுற்றளவு, மது போன்றவை சேரும்போதுதான் இம்மரபணு தன் வேலையைக் காட்டுகிறது.

எங்கள் தம்பிக்கு அந்தத் தாளை நகலெடுத்து ஊரில் சிலரிடம் காட்ட வேண்டும் என்று ஆத்திரம். அண்ணன் தடுத்துவிட்டார். "வேணாம். இதைக் காட்டுனா நான் தப்பிச்சுக்குவேன். குடிச்சுக் கெட்டவன்னு பேரு வாங்கினவங்க இன்னும் தலைகுனிஞ்சு போவாங்க" என்றார்.

அவர் சொன்னதன் ஆழம் எங்களுக்குப் பின்னரே விளங்கியது. மதுவால் கடும் கல்லீரல் அழற்சிக்கு ஆளானவர்களைப் பிரிட்டனில் பெருமளவில் ஆராய்ந்தபோது, பிஎன்பிஎல்ஏ3 மாற்றம் இரு பிரதிகளிலும் உள்ளோரிடம், முதல் மூன்று மாதங்களைக் கடந்த பின்னும் உயிரிழப்பு மிகுதியாக இருப்பது தெரிந்தது. அம்முடிவு 2017-இல் வெளியானது. ஒரே அளவு குடித்த இருவருள் ஒருவர் எழுந்து நடக்கிறார். மற்றவர் மண்ணறைக்குச் செல்கிறார். மது ஹராம் என்பதில் நமக்கு இரு கருத்து இல்லை. ஆனால் ஒருவரின் நோய் எவ்வளவு கடுமை என்பதைக் கொண்டு அவர் எவ்வளவு பெரும் பாவி என்று அளக்கும் உரிமை நமக்குக் கிடையாது. தீய எண்ணத்தையும் துருவித் துருவி ஆராய்வதையும் நம் மார்க்கம் விலக்கியிருப்பதன் ஞானத்தை, இந்த ஓர் எழுத்து மாற்றம் எங்களுக்கு மீண்டும் ஒரு முறை உணர்த்தியது.

கணிப்பின் ஆயுள்

மரபணுவைக் கொண்டு சொல்லப்படும் கணிப்பு என்றென்றைக்கும் உரியதன்று. அது அந்தக் காலத்து மருந்துடன் பிணைந்தது. இதற்கு ஹெபடைடிஸ் சி நோயே தக்க சான்று. இன்டர்ஃபெரான் ஊசியே முதன்மை மருந்தாக இருந்த காலத்தில், யாருக்கு அது பலனளிக்கும், யாருக்குப் பலனளிக்காது என்பதை ஐஎல்28பி என்ற மரபணுவின் அருகிலுள்ள ஒரு மாற்றம் முன்கூட்டிச் சொல்லும் என்று 2009-இல் கண்டறிந்தார்கள். சாதகமற்ற வகையினருக்கு அது மனத்தளர்ச்சி தரும் செய்தி. ஆனால் 2013-இல் சோஃபோஸ்புவிர் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கிருமியையே நேரடியாகத் தாக்கும் இவ்வகை மாத்திரைகள், மரபணு வகை எதுவாயினும் பெரும்பாலோரைக் குணப்படுத்தின. சில ஆண்டுகளிலேயே அந்த மரபணுக் கணிப்புக்குத் தேவை இல்லாமல் போயிற்று. இந்திய நிறுவனங்கள் அம்மருந்தைக் குறைந்த விலையில் தயாரிக்க 2014-இல் உரிமம் பெற்றன. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கப்பட்டு, அரசு மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன.

அல்லாஹ் ஒரு நோயை இறக்கினால் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்குகிறான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அந்த நிவாரணம் மனிதர் கைக்கு எட்டும் நாளில், பழைய கணிப்பு வெறும் தாளாகிவிடுகிறது. எனவே மரபணுத் தாளைப் பார்த்து நம்பிக்கை இழப்பதற்கு அறிவியலிலும் இடமில்லை, மார்க்கத்திலும் இடமில்லை.

அண்ணனுக்கு அத்தகைய மருந்து வாய்க்கவில்லை. கல்லீரல் மாற்று ஒன்றே வழி என்றார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1988-இல் ஜித்தாவில் கூடி, நிபந்தனைகளுடன் உறுப்பு தானத்தை அனுமதித்திருப்பதை எங்கள் பள்ளியின் ஹஜ்ரத் எடுத்துரைத்தார். விற்பனை கூடாது, கொடுப்பவரின் உயிருக்கு ஊறு நேரக் கூடாது, மனமுவந்த சம்மதம் வேண்டும். மாயவரம் பக்கத்தில் பிறந்த மருத்துவர் முகமது ரேலா அவர்கள், 1997-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில், பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்று செய்ததைச் சொல்லி எங்களுக்கு ஊக்கமும் அளித்தார்.

எங்களுள் இருவர் தானம் செய்ய முன்வந்தோம். ஒருவரின் இரத்த வகை பொருந்தவில்லை. மற்றவரின் கல்லீரலிலேயே கொழுப்பு மிகுந்திருந்ததால் மருத்துவர்கள் மறுத்துவிட்டார்கள். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளுக்கான மாநிலக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் பதிந்து காத்திருந்தோம். பதினோராம் மாதத்தில் மீண்டும் இரத்தக் கசிவு ஏற்பட்டு, கலிமாவை மொழிந்த நிலையில் அண்ணன் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருடைய மரபணுத் தாள் அந்த நாளை எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லும் ஆற்றலும் அதற்கு இல்லை. எவர் எந்த மண்ணில் எப்போது இறப்பார் என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய அறிவு. அது அவனிடமே இருந்தது.

மருமகனின் சோதனை

தங்கையை எங்கள் அத்தாவின் உடன்பிறந்த மாமியின் மகனுக்கே நிகாஹ் செய்துகொடுத்திருந்தோம். அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும். மகனுக்குப் பதின்மூன்று வயதானபோது முதலில் கையெழுத்துக் கெட்டது. பள்ளியில் கவனக்குறைவு என்றார்கள். பிறகு கண்கள் மஞ்சளித்தன. முதலில் காட்டிய மருத்துவரிடத்தில் அது சாதாரணக் காமாலை என்று கருதப்பட்டது. கால்கள் வீங்கியபின் பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு நிற வளையம் ஒன்றைக் கண்டார்கள். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் குறைவாகவும், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு மிகுதியாகவும் இருந்தன. வில்சன் நோய் என்று உறுதியாயிற்று.

உணவில் வரும் செம்பைக் கல்லீரல் வெளியேற்ற முடியாமல், அது கல்லீரலிலும் மூளையிலும் தேங்குவதே இந்நோய். லண்டனில் பணியாற்றிய கின்னியர் வில்சன் 1912-இல் இதை விவரித்தார். 13-ஆவது குரோமோசோமில் உள்ள ஏடிபி7பி என்ற மரபணுவே காரணம் என்பது 1993-இல் தெரியவந்தது. சரியான நேரத்தில் கண்டறிந்தால் மாத்திரைகளாலேயே கட்டுப்படுத்தக்கூடிய நோய் இது. உடலிலுள்ள செம்பை வெளியேற்றும் பெனிசிலமின் 1956 முதலே இதற்குப் பயன்படுகிறது. செம்பு உட்கவரப்படுவதைத் தடுக்கத் துத்தநாக மாத்திரைகளும் உள்ளன. கண்டறியாமல் விட்டால் உயிரைப் பறிக்கும்.

இங்கும் நாங்கள் அதே கேள்வியைத்தான் கேட்டோம்: "மரபணுவைப் பார்த்தால் பிள்ளை பிழைப்பானா என்று தெரியுமா?" தெரியாது என்றார் மருத்துவர். ஒரே மரபணு மாற்றம் கொண்ட உடன்பிறந்தோருள்ளேயே ஒருவருக்குக் கல்லீரல் பழுதுபடும். மற்றவருக்கு நரம்பு பாதிக்கும். நோயின் கடுமையை மரபணு வகையிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கணிப்புக்கு அவர் பயன்படுத்தியது, லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் உருவாக்கி 2005-இல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை. பிலிருபின், ஐ.என்.ஆர்., ஏ.எஸ்.டி., வெள்ளணுக்கள், ஆல்புமின் ஆகிய ஐந்தும் அதில் அடங்கும். 11 அல்லது அதற்கு மேல் சென்றால் மாற்றுக் கல்லீரல் இன்றிப் பிழைப்பது மிக அரிது. பிள்ளையின் மதிப்பெண் அதற்குக் கீழே இருந்தது. மருந்து தொடங்கினார்கள். அல்ஹம்துலில்லாஹ், இன்று அவன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பழவேற்காட்டுப் பிள்ளைக்கு நண்டும் இறாலும் ஆட்டு ஈரலும் விலக்கு என்பது மட்டுமே அவனுடைய குறை.

அப்படியானால் மரபணுச் சோதனை எதற்கு? "இவனுக்காக அன்று, இவன் தங்கைக்காக" என்றார் மருத்துவர்.

வில்சன் நோய் வர, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வரவேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ளவர் நோயாளி அல்லர். அவர் கடத்துபவர் மட்டுமே. கடத்துவோர் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. பிள்ளையிடம் உள்ள மாற்றம் எது என்று தெரிந்துவிட்டால், உடன்பிறந்தவரிடம் அதே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். ஐயம் இல்லாத விடை கிடைக்கும். ஒன்பது வயதுச் சிறுமி அப்போது ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு குறையும் இல்லை.

வீட்டில் பெரும் வாதம் எழுந்தது. "பொண்ணுக்குச் சோதனை செஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" என்று மாமி அழுதார். அவருடைய அச்சத்தை நாங்கள் இகழவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் எவருக்கும் வரும் அச்சம் அது. தங்கை மட்டும் உறுதியாக நின்றாள். "நிகாஹ் நடக்கணும்னா முதல்ல அவ உசிரோட இருக்கணும், மாமி" என்றாள்.

சோதனையில் சிறுமிக்கும் நோய் உறுதியாயிற்று. அறிகுறி ஏதும் தோன்றுமுன்பே துத்தநாக மாத்திரை தொடங்கப்பட்டது. கல்லீரல் இன்றளவும் நலமாக உள்ளது. முறையாக மருந்து எடுத்துக்கொண்டால் படிப்பு, திருமணம், மகப்பேறு எதற்கும் தடையில்லை என்கிறார்கள். அண்ணனுக்கு வாய்க்காத காலம் அவளுக்கு வாய்த்தது.

விதியும் முயற்சியும்

இரு சோதனைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எங்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. மரபணுக் குறி, படுத்திருக்கும் நோயாளியின் அஜலைச் சொல்வதில்லை. அவரைச் சுற்றி நிற்கும் உறவினர் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. செய்யத்தக்கது ஒன்று இருக்குமானால் அந்த அறிவைத் தேடுவது கடமையை ஒத்தது. செய்யத்தக்கது வேறுபடாது என்றால் அதைத் தேடாமலிருப்பதில் குறையில்லை.

இதனால்தான் அண்ணன் மறைந்த பின் நாங்கள் பிஎன்பிஎல்ஏ3 சோதனைக்குச் செல்லவில்லை. அந்த மாற்றம் எங்களிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவர் சொல்லப்போவது ஒன்றே: எடையைக் குறையுங்கள், சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள், நடந்து செல்லுங்கள். அதற்குப் பதிலாக, வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., இரத்தத் தட்டணுக்கள் என்ற நான்கைக் கொண்டு கணக்கிடும் 'ஃபிப்-4' அளவையும், ஸ்கேனையும் எடுத்துக்கொண்டோம். இருவருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. இப்போது இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலையில் பரோட்டாக் கடையில் வண்டி நிற்பதில்லை.

'எழுதப்பட்டதுதானே நடக்கும்' என்ற கேள்விக்கு ஹஜ்ரத் அளித்த விடை உமர் (ரலி) அவர்களின் வரலாறு. ஷாம் தேசத்துக்குப் பயணப்பட்ட கலீஃபா, ஸர்ஃ என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. தோழர்களுடன் கலந்தாலோசித்துத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். ஒட்டகத்தை வறண்ட சரிவில் மேய்த்தாலும் பசுமையான சரிவில் மேய்த்தாலும் இரண்டும் அவன் விதிப்படியே என்று உவமையும் கூறினார்கள். ஓரிடத்தில் கொள்ளைநோய் இருப்பதாக அறிந்தால் அங்கே செல்ல வேண்டாம் என்ற நபிகளாரின் அறிவுரையைப் பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) எடுத்துரைத்தபோது, தம் முடிவு அதற்கு இசைந்திருந்ததற்காக உமர் (ரலி) இறைவனைப் புகழ்ந்தார்கள். வறண்ட சரிவு எது என்று முன்கூட்டித் தெரிவது விதியை மறுப்பது ஆகாது. தெரிந்த பின்னும் ஒட்டகத்தை அங்கேயே ஓட்டிச் செல்வதைத் தவக்குல் என்று எவரும் சொல்லமாட்டார்.

உறவுக்குள் நிகாஹ் பற்றியும் கேட்கிறார்கள். அத்தை, மாமன் பிள்ளைகளை மணப்பதை மார்க்கம் அனுமதித்துள்ளது, வலியுறுத்தவில்லை. தமிழ்நாட்டில் எல்லாச் சமுதாயத்தாரிடமும் இவ்வழக்கம் உண்டு. இத்தகைய தம்பதியருள் மிகப் பலருக்கு நலமான பிள்ளைகளே பிறக்கின்றன. ஆனால் ஒரே பாட்டன், பாட்டியிடமிருந்து இறங்கிய பழுதான பிரதி, இரு வழியாகவும் வந்து ஒரே பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு அங்கே அதிகம். எனவே குடும்பத்தில் ஏற்கெனவே இத்தகைய நோய் தெரிந்திருந்தால், உறவுக்குள் பேச்செடுக்கும் முன் மருத்துவரிடம் ஆலோசிப்பது அறிவுடைமை.

நாம் செய்யக்கூடியவை

உறவைப் பேணுதல் நம் மார்க்கத்தில் எவ்வளவு வலியுறுத்தப்பட்டது என்பதை யாவரும் அறிவோம். பெருநாளுக்கு வீடு தேடிச் சென்று ஸலாம் சொல்வது அதில் ஒரு பகுதி என்றால், ஒரு நோய் குடும்ப வழியாக வருவது தெரிந்தபின் உறவினரிடம் அதைச் சொல்வதும் அதில் ஒரு பகுதியே. நோயாளியின் செய்தி அமானிதம். அவருடைய இசைவு பெற்று, உரியவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். திண்ணைப் பேச்சாக்கலாகாது.

உடன்பிறந்த ஒருவருக்கு வில்சன் நோய் உறுதியானால் மற்றப் பிள்ளைகளை அறிகுறிக்குக் காத்திராமல் சோதியுங்கள். பத்து, பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் காமாலையும் கைநடுக்கமும், அல்லது கையெழுத்துக் கோணலும் சேர்ந்து வந்தால் செம்புச் சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகள் கண்ணையும் சிறுநீரகத்தையும் சோதிப்பது போலவே ஆண்டுக்கொரு முறை கல்லீரலையும் சோதியுங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கல்லீரல் நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது காரணத்தைத் துருவாமல் துஆ செய்துவிட்டு வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சகோதரரின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை விசாலமாக்குவாயாக! நோயுற்ற எல்லோருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவாயாக! பயனுள்ள கல்வியை எங்களுக்குத் தந்து, அதன்படி நடக்கும் உறுதியையும் தந்தருள்வாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.